நோயின் பெயரைக் கேட்டதும் கதவைச் சாத்தாதீர்கள்: மலையேற்ற ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

உயர்மலைப் பயணங்களை ஏற்பாடு செய்யும் அமைப்புகளுக்கும், குழுக்களை முன்னின்று நடத்தும் வழிகாட்டிகளுக்கும், பயணத்துக்கு முன் தகுதிச் சான்றில் கையெழுத்திடும் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் விண்ணப்பப் படிவங்களில் பெயர், வயது, ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றுக்குப் பிறகு ஒரு கேள்வி வருகிறது. இதயநோய், நீரிழிவு, வலிப்பு, ஆஸ்துமா, புற்றுநோய் முதலியவற்றுள் ஏதேனும் உங்களுக்கு உண்டா என்று கேட்டு, 'ஆம்', 'இல்லை' என இரண்டு கட்டங்கள் தரப்பட்டிருக்கும். 'ஆம்' என்று குறியிட்டால் என்ன நடக்கும் என்பதைத் தீவிர நோயுடன் வாழ்ந்துகொண்டே மலையேறும் எங்களில் அநேகமாக எல்லோரும் அறிவோம். அதனாலேயே எங்களில் பலர் 'இல்லை' என்று குறியிடுகிறார்கள். உண்மை சொன்னவரை வெளியே நிறுத்தி, மறைத்தவரை உச்சிவரை அழைத்துச் செல்லும் இந்தக் கேள்வியை மாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

எனக்கு நாட்பட்ட மைலாய்ட் ரத்தப் புற்றுநோய் இருக்கிறது. இமாட்டினிப் என்னும் மாத்திரையை நாள்தோறும் உட்கொள்கிறேன். 2001-இல் அம்மருந்து புழக்கத்துக்கு வருவதற்கு முன்னர், இந்நோய் கண்டவர்கள் நெடுநாள் வாழ எலும்பு மஜ்ஜை மாற்றையே பெரிதும் நம்பியிருக்க வேண்டியிருந்தது. இன்று மருந்துக்குக் கட்டுப்படும் பெரும்பாலோர் பல்லாண்டுகள் வாழ்கிறோம், வேலைக்குப் போகிறோம், பிள்ளைகளை வளர்க்கிறோம். நோய் போய்விட்டது என்று என் மருத்துவர் ஒருபோதும் சொன்னதில்லை. கட்டுக்குள் இருக்கிறது என்றுதான் சொல்கிறார். குறிப்பிட்ட இடைவெளிகளில் ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது எங்கள் வாழ்வின் ஒரு பகுதி. இந்த நிலையில் இருந்துகொண்டு மலையேற விரும்பி, ஓர் ஏற்பாட்டாளரிடம் எல்லாவற்றையும் ஒளிவுமறைவின்றி எழுதிக் கொடுத்தேன். தங்கள் பாதுகாப்பைக் கருதி அனுமதிக்க இயலவில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. என்ன மருந்து, ஹீமோகுளோபின் எவ்வளவு, இதற்கு முன் எந்த உயரம்வரை சென்று உறங்கியிருக்கிறீர்கள் என்று ஒரு சொல் கேட்கப்படவில்லை.

பின்னர் வேறொரு வழிகாட்டி அத்தனையையும் கேட்டார். மாத்திரையை எந்த வேளையில் போடுகிறீர்கள் என்பதுவரை கேட்டார். அந்த மாத்திரையை உணவோடு, பெரிய குவளை நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும்; வெறும் வயிற்றில் போட்டால் குடலைப் புரட்டிக்கொண்டு வரும். உச்சிக்குப் புறப்படுவதோ நள்ளிரவில். உயரம் கூடக் கூடப் பசியும் அற்றுப்போகும். இதைக் கேட்டறிந்த அவர், உச்சிக்குப் புறப்படும் நாளன்று எனக்கு மட்டும் இரவு உணவை முன்னதாகவே தரச் செய்தார். தட்டு காலியாகும்வரை எதிரே உட்கார்ந்திருந்து, மாத்திரையை விழுங்கியதைப் பார்த்த பிறகே எழுந்து போனார். இதற்கு அவருக்கு மருத்துவப் படிப்பு தேவைப்படவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியது, கேட்டார். கேட்டதை நினைவில் வைத்திருந்தார்.

மறைப்பதால் என்ன ஆகிறது என்பதை நீங்கள் நெருங்கிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. தன் நோயை எழுதாமல் வந்தவர், கூடாரத்தில் மற்றவர்கள் உறங்கிய பிறகு விளக்கைப் போடாமல் பையைத் துழாவி மருந்தை எடுக்கிறார். தலைவலி வந்தால் சொல்வதில்லை, ஏனெனில் ஒன்றைச் சொன்னால் மற்றதும் வெளிவந்துவிடும் என்ற அச்சம். காலையில் வழிகாட்டி ஒவ்வொருவராக நலம் விசாரிக்கும்போது, எல்லோரையும்விடச் சத்தமாக 'நன்றாக இருக்கிறேன்' என்று சொல்பவர் அவர்தான். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோயின் தொடக்கத்தில் ஒருவரைக் காப்பாற்றுவது அவர் வாய்விட்டுச் சொல்லும் முதல் அறிகுறி. அதைச் சொல்ல முடியாத நிலையை உங்கள் படிவமே உண்டாக்கிவிட்ட பிறகு, பையில் எத்தனை ஆக்சிஜன் உருளைகள் இருந்தாலும் அவை எட்டாக்கனிதான்.

படிவம் கேட்பது நோயின் பெயரை. உயரத்தில் ஒருவருக்கு என்ன நேரும் என்பதை நோயின் பெயர் சொல்வதே இல்லை. என் நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். இதே ரத்தப் புற்றுநோய்க்கு டசாட்டினிப் என்னும் இன்னொரு மாத்திரையும் தரப்படுகிறது. நல்ல மருந்து, பலர் உயிரைக் காத்திருக்கிறது. ஆனால் அதை உட்கொள்வோரில் சிலருக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோர்க்கும். அரிதாகச் சிலருக்கு நுரையீரல் தமனிகளில் ரத்த அழுத்தம் கூடும். உயரத்தில் ஆக்சிஜன் குறையும்போது எல்லோருக்குமே நுரையீரல் ரத்தக் குழாய்கள் சுருங்கி அந்த அழுத்தம் உயர்கிறது. ஏற்கெனவே உயர்ந்திருப்பவருக்கு அதற்கு மேலும் உயர்ந்தால், நுரையீரலில் நீர் கோர்த்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆக, ஒரே நோய் கொண்ட இருவரில் ஒருவர் தயங்காமல் ஏறலாம். மற்றவர் இதய எக்கோ பரிசோதனை செய்து பார்க்காமல் ஏறவே கூடாது. உங்கள் படிவத்தில் இருவரும் ஒரே கட்டத்தில்தான் குறியிடுகிறோம்.

புற்றுநோயிலிருந்து மீண்டவர்களின் நிலையும் இப்படித்தான். சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கடந்திருக்கும். நோய் இல்லை என்று சான்றே இருக்கும். ஆயினும் கீமோதெரபி தன் தடத்தை உடலில் விட்டுச் சென்றிருக்கும். டாக்சோரூபிசின் இதயத் தசையைத் தளரச் செய்திருக்கலாம். பிளியோமைசின் நுரையீரலில் தழும்பை விட்டிருக்கலாம். அம்மருந்தை ஏற்றவர்களுக்கு அடர்ந்த ஆக்சிஜனைக் கொடுக்கும்போது தனிக் கவனம் வேண்டும் என்பதை மயக்க மருந்து மருத்துவர்கள் நன்கறிவார்கள். அவசரத்தில் முகமூடியைப் பொருத்தப்போகும் உங்கள் ஆட்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். வின்கிரிஸ்டின், பாக்ளிடாக்செல் போன்றவை விரல் நுனி நரம்புகளை மரத்துப்போகச் செய்கின்றன. கால்விரலில் உணர்ச்சி குன்றியவருக்குக் கொப்புளம் எழும்பியதும் தெரியாது, பனிக்கடி தொடங்கியதும் தெரியாது. அவர் காலுறையைக் கழற்றித் தம் கண்ணால் பார்த்தாக வேண்டும். ஒவ்வொரு முகாமிலும் அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவது வழிகாட்டிக்குப் பெரிய பாரமல்ல. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்டவருக்குத் தோள்பட்டை வார் அழுந்தி உறுத்தினால் கை வீக்கம் கூடலாம். அவர் சுமையை இடுப்பு வாரில் தாங்கும்படி அமைத்துக்கொள்ள வேண்டும், அல்லது இன்னொருவர் சுமக்க வேண்டும். இவற்றுள் எதையும் 'புற்றுநோய் உண்டா' என்ற கேள்வி வெளிக்கொணராது.

நீரிழிவு பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் இதைப் பற்றி ஓரளவு நீங்கள் அறிந்திருப்பீர்கள். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும். உறைந்து உருகியதைப் பார்த்து அடையாளம் காணவும் இயலாமற்போகலாம். ஆகவே அது சுமைப்பைகளோடு போகக்கூடாது, உடலோடு ஒட்டி உள்ளாடையில் இருக்க வேண்டும். சர்க்கரை பார்க்கும் கருவி கடுங்குளிரில் தவறாகக் காட்டும் அல்லது வேலையே செய்யாது. சர்க்கரை தாழ்ந்து தடுமாறுபவரும் உயர நோயால் தடுமாறுபவரும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பார்கள். அவருக்கு நீரிழிவு என்று தெரிந்த வழிகாட்டி, முதலில் ஒரு துளி ரத்தத்தைப் பார்ப்பார்.

ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடும் இந்தக் குழப்பம்தான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. தலைவலி, குமட்டல், சோர்வு, தலைச்சுற்றல், தூக்கமின்மை ஆகியவை உயர நோயின் அறிகுறிகள். நீண்டகால நோயாளிகளில் பலருக்கு இவை அன்றாடத் தோழர்கள். இமாட்டினிப் உட்கொள்ளும் எனக்குக் காலையில் எழும்போது கண்ணிமைகள் வீங்கியிருக்கும். கண்ணாடி பார்க்காமலே விரலால் தொட்டு அறியும் அளவுக்கு வீங்கியிருக்கும். உயரத்தில் நலமாக இருப்பவர்களுக்கும் முகம் வீங்குவதுண்டு. என் முகத்தை முதன்முதலாக 4,000 மீட்டரில் பார்க்கும் ஒருவர் அதை உயரத்தின் வேலை என்றே எண்ணுவார். அல்லது அதற்கு நேர்மாறாக, உண்மையிலேயே உயரம் தாக்கியிருக்கும் நாளில், 'இவருக்கு எப்போதும் இப்படித்தான்' என்று விட்டுவிடுவார். இரண்டாவது பிழை உயிரைக் குடிக்கும். உயர நோய் முற்றி வரும் மூளை வீக்கத்தைக் கண்டறிய நீங்கள் வழக்கமாகச் செய்யும் சோதனை, ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரல்நுனியைத் தொடுமாறு நேர்கோட்டில் நடக்கச் சொல்வது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு மண்டல நோய் உள்ளவர் கடல் மட்டத்திலேயே அப்படி நடக்க இயலாதவராக இருக்கக்கூடும்.

இதற்கு வழி மிக எளிது, ஆனால் கிட்டத்தட்ட எவரும் அதைச் செய்வதில்லை. புறப்படும் இடத்திலேயே, தாழ்ந்த உயரத்தில், அந்த மனிதருக்கு இயல்பு எது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முகம் எப்படி இருக்கிறது, நேர்கோட்டில் எத்தனை அடி தடுமாறாமல் வைக்கிறார், ஓய்விலிருக்கும்போது நாடித்துடிப்பு எவ்வளவு, எந்த வேளையில் சோர்வு மிகுதியாக இருக்கும், தலைவலி வந்தால் எந்தப் பக்கம் வரும் என்பனவற்றை அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். பிறகு ஒவ்வொரு முகாமிலும் அந்த அரைப் பக்கத்தோடுதான் அவரை ஒப்பிட வேண்டும், பக்கத்துக் கூடாரத்தில் இருக்கும் நலமான இளைஞரோடு அல்ல. புதிதாக ஒன்று தோன்றினாலோ, பழையது மோசமானாலோ, வேறு காரணம் உறுதியாகும்வரை அதை உயர நோயாகவே கருதி, மேலே ஏறுவதை நிறுத்துங்கள். நோயாளி என்ன விளக்கம் சொன்னாலும் நிறுத்துங்கள். உச்சியின் ஆசையில் எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்ல எங்களுக்கும் தெரியும்.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை விழுக்காட்டில் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரைப் பற்றியும் ஒரு சொல். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எந்த உயரத்திலும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான்; குறைவது காற்றழுத்தம். 5,500 மீட்டரை ஒட்டிய உயரத்தில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியாகிவிடுகிறது. அத்தகைய உயரங்களில் முற்றிலும் நலமாக இருப்பவரின் விரலிலும் 80-ஐ ஒட்டிய எண் தோன்றுவது வியப்பில்லை. அந்த எண்ணை மட்டும் பார்த்து ஒருவரைத் திருப்பி அனுப்புவதும், அது நன்றாக இருக்கிறது என்பதற்காகத் தலைவலியோடு மேலே அனுப்புவதும் ஒரே அளவுக்குத் தவறு. மேலும், ரத்தசோகை உள்ளவருக்கு இந்தக் கருவி எதையும் சொல்லாது. இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை பங்கு ஆக்சிஜனைச் சுமக்கிறது என்பதையே அது காட்டுகிறது. ஹீமோகுளோபின் மொத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை அது அறியாது. பாதி வண்டிகளே ஓடும் ஊரில், ஓடுகிற வண்டிகள் எல்லாம் நிரம்பி வழிகின்றன என்பதைப் பார்த்துப் போக்குவரத்து செழிப்பாக இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது அது.

உங்கள் மருந்துப் பெட்டியில் அசெட்டசோலமைடும் டெக்சாமெத்தசோனும் இருக்கும். முன்னது உயர நோயைத் தடுக்கத் தரப்படுவது; பலருக்கு விரல்களில் குறுகுறுப்பை உண்டாக்கும். ஏற்கெனவே நரம்பு மரத்தவருக்கு இதுவும் அதுவும் கலந்து குழப்பும். சிறுநீரகமோ கல்லீரலோ கடுமையாகப் பழுதுபட்டவருக்கு அதைத் தரவே கூடாது. பின்னது மூளை வீக்கத்தில் உயிர்காக்கும் மருந்து. நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரையை வேகமாக ஏற்றும் என்பதற்காக அதை மறுக்கவும் கூடாது, கொடுத்துவிட்டுக் கவனியாமல் இருக்கவும் கூடாது. நெடுங்காலமாக ஸ்டீராய்டு உட்கொள்பவர் வாந்தியால் ஒருநாள் மாத்திரையைத் தவறவிட்டாலே படுத்துவிடக்கூடும். யார் என்ன உட்கொள்கிறார் என்பது தெரியாமல் அந்தப் பெட்டியைத் திறப்பது இருட்டில் கை விடுவதுதான்.

எல்லாவற்றையும்விட எங்களுக்குத் தேவைப்படுவது மெதுவான பயணம். 3,000 மீட்டருக்கு மேல் சென்ற பிறகு, உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பதும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்பதும் உயர்மலை மருத்துவம் நலமானவர்களுக்கே சொல்லும் அறிவுரை. ஆயினும் 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோவை ஐந்தே நாளில் ஏறி இறங்கும் திட்டங்கள் விற்கப்படுகின்றன. நோயாளிகளால் குழுவின் வேகம் குறையும் என்று நீங்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வேகம் யாருக்கும் உகந்ததல்ல என்பதே என் எண்ணம். கூடுதல் நாள்களுக்கும் கூடுதலாக ஓர் உதவியாளருக்கும் ஆகும் செலவை ஏற்க எங்களில் பலர் ஆயத்தமாகவே இருக்கிறோம். அப்படி ஒரு பயணத் திட்டம் உங்கள் பட்டியலில் இருந்தால்தானே நாங்கள் கேட்க முடியும்?

மெதுவாகப் போவது என்பது சிலருக்கு உடலின் அமைப்பிலேயே எழுதப்பட்ட தேவை. மாற்று இதயம் பொருத்தப்பட்டவருக்கு, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் நரம்புகள் அறுவையின்போது துண்டிக்கப்பட்டிருக்கும். ஏற்றத்தில் கால் வைத்த உடனே அவர் இதயம் வேகமெடுக்காது. ரத்தத்தில் அட்ரீனலின் கலந்து வந்து சேர்ந்த பிறகே மெல்ல வேகமெடுக்கும். நின்ற பிறகும் மெல்லத்தான் தணியும். 1995-இல் இதயமாற்று அறுவை செய்துகொண்ட அமெரிக்கரான கெல்லி பெர்க்கின்ஸ், 2001-இல் கிளிமஞ்சாரோவையும் 2003-இல் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மேட்டர்ஹார்னையும் ஏறினார். இந்த இயல்பை அறிந்து, அதற்கேற்பத் தொடக்க அடிகளை வகுத்துக்கொள்பவருக்கு அது இயன்றிருக்கிறது. முகாமை விட்டுப் புறப்பட்டதும் முதல் கால்மணி நேரத்தைச் செங்குத்தில் விரட்டும் வழிகாட்டியிடம் அகப்பட்டால் அவர்கூடப் பாதியில் அமர்ந்திருப்பார்.

இத்தகைய சாதனையாளர்கள் இன்னும் உண்டு. இளம் வயதிலேயே இருமுறை புற்றுநோய் கண்டு, ஒரு நுரையீரலின் பெரும் செயல்திறனை இழந்த ஷான் ஸ்வார்னர் 2002-இல் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். முதல் வகை நீரிழிவு கொண்ட ஆஸ்திரியரான கெரி விங்க்லர் 2006-இலும், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் கொண்ட லோரி ஷ்னைடர் 2009-இலும் அங்கே நின்றார்கள். இவர்கள் மீது எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு. ஆனால் இவர்களின் படங்களைப் பயன்படுத்தி, மனவுறுதி இருந்தால் நோய் ஒரு தடையே அல்ல என்று விளம்பரம் செய்வதை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மனவுறுதி ஹீமோகுளோபினைக் கூட்டாது. இவர்களைக் கொண்டுசேர்த்தது ஆண்டுக்கணக்கான ஆயத்தமும், தம் உடலைத் துல்லியமாக அறிந்திருந்ததும், உடன் வந்தவர்கள் எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருந்ததும்தான். உங்கள் விளம்பரத்தை நம்பி, தன்னால் முடியாததைத் தன் மனத்தின் குறையாக எண்ணி வருந்தும் நோயாளிகளை நான் அறிவேன். அந்த வருத்தம் அவர்களுக்குத் தேவையில்லாத இன்னொரு நோய்.

அரசுகளும் உங்களைப் போலவே பெயரைப் பார்த்து முடிவு செய்வதுண்டு. 2017 டிசம்பரில் நேபாள அரசு, தனியாக ஏறுவோரையும், பார்வையற்றோரையும், இரு கால்களையும் இழந்தோரையும் தன் மலைகளில் ஏறத் தடை செய்யும் விதிமாற்றத்துக்கு ஒப்புதல் அளித்தது. விபத்துகளைக் குறைப்பதே நோக்கம் என்று சொல்லப்பட்டது. 2018 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், உடற்குறையுள்ளோர் மீதான தடையை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு மே 14 அன்று, சீனாவைச் சேர்ந்த ஷியா போயு எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். 1975-இல் அதே மலையில் பனிக்கடியால் இரு பாதங்களையும் இழந்தவர் அவர். 1996-இல் நிணநீர்ப் புற்றுநோயால் முழங்காலுக்குக் கீழே இரு கால்களும் அகற்றப்பட்டன. உச்சியில் நின்றபோது அவருக்கு வயது 69. தடை நீடித்திருந்தால் அவர் ஏறியிருக்க இயலாது. ஆனால் அவர் கதையில் நான் பெரிதாக மதிப்பது இன்னொன்றை. 2016-இல் உச்சியை நெருங்கிவிட்ட நிலையில், வானிலை கெட்டது என்பதற்காக அவர் திரும்பி இறங்கினார். நாற்பது ஆண்டு ஏக்கத்தை எட்டிப் பிடிக்கும் தொலைவில் விட்டுவிட்டு, உடன் வந்தவர்களின் உயிரையும் கருதி இறங்கியவரை, அபாயத்தை எடைபோடத் தெரியாதவர் என்று எந்த விதியும் சொல்ல முடியாது.

எல்லோரையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. சிலரைத் தடுத்தே ஆக வேண்டும். நுரையீரல் தமனி அழுத்தம் கணிசமாக உயர்ந்தவர், அரிவாளணு ரத்தசோகை உள்ளவர், கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு உள்ளவர், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர், கீமோதெரபியின் நடுவில் வெள்ளணுக்கள் சரிந்திருப்பவர் ஆகியோரை உயரமான மலைக்கு அழைத்துச் செல்வது அன்பாகாது. மறுப்பதானால் காரணத்தைச் சொல்லி மறுங்கள். எந்த உயரத்துக்கு மேல் கூடாது, எந்தப் பரிசோதனையின் முடிவு மாறினால் மறுபடி பரிசீலிப்பீர்கள், இப்போதைக்கு எந்தத் தாழ்ந்த பாதை பொருந்தும் என்பதை எழுத்தில் தாருங்கள். 2,500 மீட்டருக்குக் கீழேயும் மலைகள் இருக்கின்றன. அவற்றில் நடப்பதும் மலையேற்றம்தான். காரணத்தோடு கூடிய மறுப்பை ஏற்றுக்கொள்ள எங்களுக்குப் பழக்கம் உண்டு. மருத்துவமனைகளில் அதைக் கற்றிருக்கிறோம்.

ஏற்றுக்கொள்பவர்களோடு, திரும்பும் நிபந்தனைகளைப் புறப்படும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். எந்த நேரத்துக்குள் எந்த இடத்தை அடையாவிட்டால் திரும்புவது, எந்த அறிகுறி தோன்றினால் பேச்சுக்கே இடமின்றி இறங்குவது, அவரோடு யார் இறங்குவது என்பன அதில் இருக்க வேண்டும். குழுவில் ஒருவர் இறங்கினால் மற்றவர்களின் பயணம் கெடும் என்ற நிலை இருக்குமாயின், அந்த நோயாளி குழுவுக்காகவே தன் உடல்நிலையை மறைப்பார். ஆகவே இறங்குபவரோடு செல்லத் தனியாக ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். கடும் உயர நோய்க்கு முதல் மருந்து இறக்கம். 300 முதல் 1,000 மீட்டர்வரை இறங்கினாலே பலர் தேறிவிடுகிறார்கள். இரவானாலும் அந்த இறக்கத்துக்கு ஆள் இருக்கிறாரா என்பதே ஒரு குழுவின் பாதுகாப்பை அளக்கும் கேள்வி.

மருத்துவர்களே, நீங்கள் கையெழுத்திடும் சான்றிதழில் 'மலையேற்றத்துக்கு உடல்தகுதி உள்ளவர்' என்ற வாசகம் எந்த மலை, எவ்வளவு உயரம் என்று கேட்காமலே அச்சிடப்பட்டிருக்கிறது. இரவு தங்கும் அதிகபட்ச உயரம், அங்கே செல்ல எடுத்துக்கொள்ளும் நாள்கள், அருகிலுள்ள வண்டிப்பாதைக்கு இறங்க ஆகும் நேரம், இரவின் குளிர் ஆகிய நான்கையும் பயண ஏற்பாட்டாளர் எழுத்தில் தராமல் அந்தத் தாளைத் தொடாதீர்கள். பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பின் மருத்துவக் குழு, ஏற்கெனவே நோயுள்ளவர்கள் மலைக்குச் செல்வது குறித்துப் பரிந்துரைகளை வெளியிட்டிருக்கிறது. மருத்துவருக்கும் ஏற்பாட்டாளருக்கும் இடையே ஒரு பொதுமொழி உருவாக அவை உதவும். கையெழுத்திட்டால் தமக்குச் சிக்கல் என்று அஞ்சி மறுக்கும் மருத்துவரையும், முகத்தைக்கூடப் பாராமல் கையெழுத்திட்டு அனுப்பும் மருத்துவரையும் நான் சந்தித்திருக்கிறேன். இருவரிடமிருந்தும் நான் பெற்ற தாளால் மலையில் எந்தப் பயனும் இருந்ததில்லை.

நாங்கள் சொல்வதை யாரிடம் சொல்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். தலைமை வழிகாட்டிக்கும், என்னோடு நடக்கும் உதவியாளருக்கும் என் நோய் தெரிய வேண்டும். என் மருந்து எங்கே இருக்கிறது என்பது கூடாரத்தில் உடன் தங்குபவருக்குத் தெரிய வேண்டும். மற்றவர்களுக்கு எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை என்னிடம் விட்டுவிடுங்கள். முதல் நாள் மாலை எல்லோரும் அமர்ந்திருக்கும்போது 'நம்மிடையே ஒரு போராளி இருக்கிறார்' என்று அறிமுகம் செய்துவைத்தால், எஞ்சிய நாள்களில் என் பெயரே எனக்கு இல்லாமற்போகிறது. நான் ஏன் ஏறுகிறேன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் வீரமான விடை இல்லை. மற்றவர்கள் எதற்காக ஏறுகிறார்களோ அதற்காகத்தான் நானும் ஏறுகிறேன்: நடக்கப் பிடிக்கிறது, உயரத்திலிருந்து பார்க்கப் பிடிக்கிறது.

கடைசியாக ஒன்று, இதை யாரும் எழுதிக் கேட்டதாகத் தெரியவில்லை. உங்கள் படிவங்களில் பயணிகளிடம் நோயைப் பற்றிக் கேட்கிறீர்கள். எங்கள் சுமைகளைத் தூக்கி வருபவர்களிடமும் சமையல் செய்பவர்களிடமும் யார் கேட்கிறார்கள்? உடல்நலம் இல்லை என்று சொன்னால் அன்றைய கூலி போகும், அடுத்த பயணத்துக்கு அழைப்பும் வராது என்ற அச்சத்தில், காய்ச்சலோடும் இருமலோடும் முப்பது கிலோ சுமையோடு ஏறுபவர்கள் உண்டு. தாழ்நிலத்திலிருந்து வேலை தேடி வரும் சுமைதூக்குவோருக்கும் உயர நோய் எங்களைப் போலவே வரும். மலையில் வேலை செய்வதாலேயே எவருக்கும் அது வராமற்போவதில்லை. எங்களை மறைக்க வைக்கும் அதே அச்சம்தான் அவர்களையும் மறைக்க வைக்கிறது, அவர்களுக்கோ அது பிழைப்பே போய்விடும் என்ற அச்சம். ஆகவே எனக்காக நீங்கள் எழுதும் அரைப் பக்கத்தை அவர்கள் ஒவ்வொருவருக்கும் எழுதுங்கள். நோயுற்று இறங்கும் தொழிலாளிக்கு முழுக் கூலியும், உடன் இறங்க ஓர் ஆளும், சிகிச்சைச் செலவும் உண்டு என்பதை எங்களிடம் பணம் பெறும் ஒப்பந்தத்திலேயே சேருங்கள். அதனால் கட்டணம் கூடுமானால், அதைக் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

இப்படிக்கு,
ரத்தப் புற்றுநோயுடன் மலையேறும் ஒருவர்